டானா 35, கிரைஸ்லர் 8.25, டானா 44: செரோக்கியின் அடியில் எது இருக்கிறது?

பழைய ஜீப் செரோக்கி ஒன்றை, 1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்ற பெட்டி மாதிரியான எக்ஸ்ஜே வண்டியைத்தான் சொல்கிறேன், விலை பேசப் போனால் விற்பவர் வாயில் டானா 44 என்ற பின் ஆக்ஸிலின் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) பெயர் எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் அது டானா 44 ஆக இருக்காது. எண்பதுகளின் கடைசியில், டிரெய்லர் இழுக்கும் பேக்கேஜோடு வந்த சில வண்டிகளில்தான் பின்னால் அந்த ஆக்ஸில் உண்டு. மற்றவற்றில் டானா 35 அல்லது கிரைஸ்லர் 8.25.

போல்ட்டை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மூன்றின் கவரிலும் (ஆக்ஸிலின் நடுவில் கியரை மூடும் மூடி) பத்து போல்ட்தான். கவரின் வடிவத்தைப் பாருங்கள். முட்டை மாதிரி நீள்வட்டமாக இருந்தால் 35. கிட்டத்தட்ட வட்டம், ஆனால் அடிப்பக்கம் மட்டும் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருந்தால் 8.25. மூலை மூலையாக, கோணலான அறுகோணம் போலத் தெரிந்தால் 44; அதன் ஹவுசிங்கிலேயே 44 என்ற எண் வார்ப்பில் இருக்கும், சேற்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கலாம்? கிரவுன் வீலின் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) விட்டம் 35இல் சுமார் 7.5 அங்குலம், 8.25இல் பெயரே சொல்லிவிடுகிறது, 44இல் 8.5. அதாவது பேர்போன 44க்கும் யாரும் பெருமை பேசாத கிரைஸ்லருக்கும் நடுவில் கால் அங்குலம்தான். 1997 முதல் வந்த 8.25இல் ஷாஃப்ட்டுக்கு (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) 29 ஸ்ப்ளைன் (தண்டின் முனையிலுள்ள பல் வரிகள்), அதற்கு முந்தையதில் 27. என் கணக்கில் 29 ஸ்ப்ளைன் கிரைஸ்லர்தான் கொடுக்கும் காசுக்குச் சரியான சரக்கு. 44க்கு அதன் பெயருக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். 44க்கு ஒரு நியாயமான பெருமை உண்டு, ஷாஃப்ட்டை உள்ளே சி-கிளிப் (C வடிவ வளையம்) பிடித்திருக்காது. மற்ற இரண்டிலும் (தொடக்க கால 35 தவிர) ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் முறிந்த துண்டோடு வெளியே நழுவி வரலாம். சாதா டயரோடு கடைக்கும் வேலைக்கும் போய்வர 35 போதும், பெரிய டயர் மாட்டிப் பாறை ஏறுகிற எண்ணம் இருந்தால் அதில் காசு கொட்டாதீர்கள்.

முன்னால் எல்லாவற்றிலும் டானா 30தான். பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) ஆக்ஸிலின் நடுக்கோட்டுக்கு மேலே நுழைந்தால் நல்லது, 2000, 2001 வண்டிகளில் அது கீழே இறங்கிவிட்டது.

அப்புறம் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. கவர் போல்ட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் 39-11 என்றிருந்தால் 3.55, 41-11 என்றால் 3.73. தகடு தொலைந்திருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை இரண்டு சுற்று சுற்றி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் ரேஷியோ (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் மாட்டிய ஆக்ஸிலில் இந்தக் கணக்கு சரிவராது). பின் ஆக்ஸிலை எவராவது மாற்றியிருந்தால் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும்.

விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் 1987க்குப் பிறகு போட்டி இரண்டுக்குத்தான்: கமாண்ட்-ட்ராக் என்ற பெயரில் வந்த 231, செலெக்-ட்ராக் என்ற பெயரில் வந்த 242. பின்பக்கம் வட்டமான சிவப்புத் தகட்டில் எண் இருக்கும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான கியர்) இரண்டிலும் 2.72தான், அதில் வித்தியாசமில்லை. வித்தியாசம் 242க்குள் இருக்கும், முன், பின் ஆக்ஸில்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃப்ரன்ஷியலில். அதனால் பாதி பனி, பாதி காய்ந்த தார் என்று மாறிமாறி வரும் சாலையில் ஃபுல் டைமில் (எப்போதும் நாலு சக்கர ஓட்டம்) போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். 231ஐ காய்ந்த தாரில் நாலு சக்கர ஓட்டத்தில் போட்டுத் திருப்பினால் டயர் தேய்ந்து வண்டி திமிறும். ஆனால் 231 எளிமையானது, நீளம் குறைவு, உயரம் ஏற்றிய வண்டிக்கு அதற்குத்தான் உதிரி பாகம் ஏராளம். பனிப் பிரதேசத்தில் குடும்ப வண்டி என்றால் நான் 242ஐத்தான் எடுப்பேன், காட்டுப் பாதைக்கு 231.

சிவப்புத் தகடு உதிர்ந்து போயிருந்தால் கியர் லீவர் பக்கத்தில் ஃபுல் டைம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தாலும் உடனே நம்பாமல், காய்ந்த தரையில் அந்த நிலையில் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். வண்டி திமிறினால் உள்ளே இருப்பது ஒன்று 231 ஆக இருக்கும், அல்லது ஃபுல் டைம் விழாத 242 ஆக இருக்கும். எதுவானாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.