பழைய பள்ளியைப் பார்க்க வேலை நாளா, விடுமுறை நாளா?

கட்டடம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் விடுமுறை நாளே மேல். வராந்தா காலியாக இருக்கும். பழைய வகுப்புப் படத்தைக் கையில் வைத்து அதே கோணத்தை நிதானமாகத் தேடலாம். படத்தில் முன்னாலுள்ள தூண் பின்னாலுள்ள ஜன்னலில் எவ்வளவு மறைக்கிறதோ, அவ்வளவே மறையும்வரை இடமோ வலமோ நகருங்கள். பிறகு சற்றுக் குனிந்தும் பாருங்கள்: 11 வயதில் கண்மட்டம் ஏறக்குறைய 130 செ.மீ. தான். இப்போது நின்றபடி பார்த்தால் எல்லாமே சுருங்கிப்போனதாகத் தோன்றும். அது பள்ளியின் குற்றமல்ல. வகுப்பறைகள் பூட்டியிருப்பதுதான் சிக்கல். காவலாளியிடம் சாவி இருந்தாலும், திறந்துவிட அனுமதி இருக்காது.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைப் பார்க்க வேண்டுமானால் வேலை நாள்தான். சேர்ந்த ஆண்டு, சேர்க்கை எண், அன்று பதிந்த பெயர், இனிஷியலோடு ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் பழைய பதிவேடுகளைப் புரட்ட அலுவலகத்தில் யாருக்கும் நேரமிருக்காது. அன்று படமெடுத்தால் மாணவர் முகம் அதில் விழக்கூடாது. பல பள்ளிகள் படமெடுக்கவே விடுவதில்லை.

இரண்டும் வேண்டுமென்றால், கடைசி மணிக்கு ஒரு மணி நேரம் முன்பு போய் அலுவலக வேலையை முடியுங்கள். பிள்ளைகள் கலைந்தபின், அறைகளைப் பூட்டுமுன் சுற்றிப்பார்க்கலாம்.