"நாலு பெட்டை, ஒரு ஆண்" என்று வாத்து விற்கிறார்கள்: வாலைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

முட்டைக்காலம் நெருங்கினால் திருகோணமலைப் பக்கம் வாத்து விலைக்கு வரத் தொடங்கும். தாரா (duck) இல்லை, சொண்டுக்கு மேலே புடைப்புள்ள சீன வாத்து (goose). தம்பலகாமத்தில் ஒரு காணிக்கு இப்படித்தான் ஐந்து வந்து இறங்கின. "நாலு பெட்டை, ஒரு ஆண், எல்லாம் போன வருசம் முட்டை போட்டது" என்று வியாபாரி உறுதி சொன்னார். முழுக்காசும் கைமாறியது. பற்றுச்சீட்டு இல்லை.

ஐந்தில் மூன்று ஆண். மிச்சம் இரண்டு பெட்டையில் ஒன்று நொண்டி. காலைக் கட்டி, உரப்பையில் திணித்து, ஓட்டோவில் கொண்டுவந்தால் வேறென்ன நடக்கும்? வாத்துக்குக் கால்தான் பலவீனம், காலில் பிடித்துத் தூக்கவே கூடாது. இரண்டு செட்டையையும் அடியோடு சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கித்தான் தூக்க வேண்டும். விற்கிறவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்தப் புரட்டு வெளிக்க ஏழு கிழமை எடுத்தது. ஏனென்றால் அவர் சொன்ன சாட்டு பாதி உண்மை. "இடம் மாறினா கொஞ்ச நாளைக்குப் போடாது, பொறுங்கோ அண்ணை." முட்டை போடுகிற வாத்தை இடம் மாற்றினால் நிறுத்திவிடும், சரிதான். புதிதாகச் சேர்த்த ஆணும் பெட்டையும் ஒட்டிப் பழகவும் கிழமைக்கணக்காகும். ஆனால் அதைச் சொல்லியே பருவத்தைக் கடத்திவிடலாம். பிறகு "கீரி குடிச்சிருக்கும்" என்றார். கீரி குடித்தால் உடைந்த கோது எங்காவது கிடக்கும், ஒன்றும் கிடக்கவில்லை. முட்டைக்கு ஆயத்தமான பெட்டை வைக்கோலை அலகால் இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றிப் போடும், அடிவயிறு தொங்கும், எச்சத்துவாரத்துக்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே மூன்று விரல் போகும். ஒரு விரல்தான் போகிறது என்றால் அது இப்போதைக்கு முட்டை போடாது, அல்லது பெட்டையே இல்லை.

புடைப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆணுக்குப் பெரிது, பெட்டைக்குச் சிறிது என்பது ஒரே வயதுப் பறவைகளுக்குத்தான் பொருந்தும். மூன்று வயதுப் பெட்டையின் புடைப்பு இளம் ஆணுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம். குரல் கொஞ்சம் உதவும்: ஆணுக்குக் கீச்சுக்குரல், பெட்டைக்குக் கட்டைக்குரல். கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாறித்தான் நினைக்கிறார்கள். அதுவும் ஐந்தும் சேர்ந்து கத்தினால் எதுவும் பிடிபடாது.

நிச்சயமான வழி ஒன்றுதான். ஒரு ஆள் கதிரையில் இருந்து, வாத்தை மல்லாத்தித் தொடைமேல் வைத்து, தலை தன் பக்கமும் வால் வெளிப்பக்கமுமாகப் பிடிக்க வேண்டும். மற்ற ஆள் சுட்டுவிரலில் தேங்காயெண்ணெய் பூசி, எச்சத்துவாரத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர் அளவு விட்டு, மெதுவாகச் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பிறகு விரலை எடுத்து, இரு பெருவிரலாலும் ஓரங்களை அழுத்தி விரிக்க வேண்டும். முதிர்ந்த ஆண் என்றால் சுருள்போன்ற உறுப்பு மூன்று, நான்கு சென்ரிமீற்றர் நீளத்தில் வெளியே வரும். பெட்டைக்கு மடிப்பு மட்டுமே தெரியும். நகம் வெட்டியிருக்க வேண்டும், வெயிலில் வைத்துச் செய்யக் கூடாது.

இதிலும் ஒரு பொறி உண்டு. பிழை அநேகமாக ஒரு பக்கமாகத்தான் நடக்கும்: அழுத்தம் போதாமல் உறுப்பு உள்ளேயே நின்றுவிட, இளம் ஆணைப் பெட்டை என்று எழுதிவிடுவார்கள். "ஆண்" என்று கண்டால் முடிவு, "பெட்டை" என்று தோன்றினால் இன்னொரு முறை பாருங்கள். வியாபாரி பிடிக்க விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கூட்டில் காட்டுகிற முட்டை ஒரு சாட்சியே இல்லை, எந்த வாத்தின் முட்டையையும் எந்தக் கூட்டிலும் வைக்கலாம்.

ஆண் கூடினால் வெறும் தீனிச்செலவோடு போகாது. சீன வாத்தில் ஒரு ஆணுக்கு மூன்று தொடக்கம் ஐந்து பெட்டை கணக்கு. தம்பலகாமத்துக் காணியில் மூன்று ஆணும் இரண்டு பெட்டைக்காக அடிபட்டு, ஒன்றையொன்று இணைய விடாமல் துரத்தி, கடைசியில் நல்ல பெட்டை போட்ட ஒன்பது முட்டையும் பொரிக்காத கூழ்முட்டை. மேலதிக ஆண்களைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அடையுங்கள், வலைக்கு அந்தப் பக்கம் விட்டால் சண்டை நிற்காது.

முறைப்பாடு போனதும் வியாபாரி ஈடாகப் பத்து "அடைமுட்டை" தந்தார். பளபளவென்று கழுவி, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவை, கையில் வாங்கும்போதே வியர்த்தன. கழுவினால் ஓட்டின் காப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே இறங்கும், கடும் குளிரில் கிடந்த முட்டைக்குள் கரு பிழைப்பது அரிது. அடைக்கு வைக்கிற முட்டை கழுவாததாக, ஏழு நாளுக்குள் போட்டதாக, நாளுக்கு ஒரு தரமாவது புரட்டி வைத்ததாக இருக்க வேண்டும். வைத்த எட்டாம் நாள் இருட்டில் ரோச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால்போல நரம்பு ஓடியிருந்தால் விடுங்கள், வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பத்தும் வெறுமை. பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பெட்டை முப்பது நாளும் சும்மா கிடந்து மெலிந்திருக்கும்.

இப்போது அவருடைய தொலைபேசி எடுபடுவதில்லை. கந்தளாய்ப் பக்கம் "நாலு பெட்டை, ஒரு ஆண்" என்று யாரோ கதைக்கிறார்களாம். போகிறவர்கள் எண்ணெய்ப் போத்தலையும், பிடிக்க இன்னொரு ஆளையும் கொண்டுபோங்கள்.