விஎஃப்ஆர்400ஆர், என்எஸ்ஆர்250ஆர், டிஇசட்ஆர்250: பந்தய ரத்தம் எதில் அதிகம்?

1990 வாக்கில் ஜப்பானில் பைக் வாங்கப் போன இளைஞனுக்கு 750 சிசி எட்டாக்கனி. காசு மட்டும் காரணமில்லை. பெரும்பாலானோர் கையில் இருந்த லைசென்ஸ் 400 சிசியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஓட்ட, லைசென்ஸ் மையத்துக்கே நேரில் போய், பலரைத் திருப்பி அனுப்பிய கடுமையான டெஸ்ட்டில் தேற வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் படித்தே பெரிய லைசென்ஸ் எடுக்கலாம் என்ற நிலை 1996இல்தான் வந்தது. அதனால் கம்பெனிகள் தங்கள் பந்தய வண்டிகளை 400, 250 சிசிக்குச் சுருக்கிக் கொடுத்தன. ஸ்டிக்கரை மட்டும் சுருக்கியவையும் உண்டு. இந்த மூன்றும் அந்த ரகமல்ல.

ஹோண்டா விஎஃப்ஆர்400ஆர் (என்சி30, 1989) அச்சு அசல் அப்பனைக் கொண்டு பிறந்தது. அப்பன், ஆர்சி30 என்ற விஎஃப்ஆர்750ஆர். சூப்பர்பைக் பந்தய விதிக்காக 1987இல் விற்பனைக்கு வந்த அதன் விலை 14,80,000 யென். 400இன் விலை 7,49,000. பாதி விலைதான், ஆனால் விஷயத்தில் பாதி குறையவில்லை. வி வடிவில் நாலு சிலிண்டர் கொண்ட அதே வி4 அமைப்பு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும் அதே 360 டிகிரி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுற்ற செயினுக்குப் பதில் பல்சக்கர வரிசை. இன்ஜின் ஓடும்போது அந்தப் பல்சக்கரங்களின் ரீங்காரம் தனியாகக் கேட்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஒரு பக்கம் மட்டும், ஒற்றைக் கை. செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் தொடாமலே சக்கரத்தைக் கழற்றிவிடலாம். நெடுநேரப் பந்தயங்களில் பிட்டில் நொடிகளை மிச்சப்படுத்தப் பிறந்த ஏற்பாடு அது. 12,500 ஆர்பிஎம்மில் 59 குதிரைத்திறன்.

என்எஸ்ஆர்250ஆர் (எம்சி21, 1990) கதை வேறு. பெயர் என்எஸ்ஆர்500 கிராண்ட் ப்ரீ வண்டியை நினைவூட்டினாலும் அது வி4. இது 90 டிகிரி வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டே சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக். உண்மையான உறவு ஆர்எஸ்250ஆரோடுதான். பந்தயக்காரர்களுக்கென்றே ஹோண்டா விற்ற வண்டி அது. சிலிண்டர் அளவு இரண்டிலும் 54 × 54.5 மி.மீ. ஆக இது பெரிய வண்டியின் பிள்ளை இல்லை, பந்தய வண்டியின் உடன்பிறப்பு. எந்த கியரில் இருக்கிறோம் என்பதையும் பார்த்து இக்னிஷன் நேரத்தை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதில் இருந்தது.

கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பால் என்எஸ்ஆரின் சக்தி 45 குதிரைத்திறனோடு நின்றது. எடையையும் சக்தியையும் வகுத்துப் பார்த்தால் விஎஃப்ஆர்தான் கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆனால் பெட்ரோல், ஆயில் ஊற்றாத உலர் எடை என்எஸ்ஆருக்கு 132 கிலோ, விஎஃப்ஆருடையது 164. அடுத்தடுத்து வளைவுகள் வரும் மலைப்பாதையில் அந்த 32 கிலோ வித்தியாசம்தான் பேசும். ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக் திடீரென விழித்துக்கொள்ளும் அந்தக் கணம் தெரியும்; அதையே நாலு மடங்கு சக்தியில் நினைத்துக்கொள்ளுங்கள்.

யமஹா டிஇசட்ஆர்250 (3எம்ஏ, 1989) பந்தய வண்டி மேல் விசுவாசம் கொஞ்சம் முற்றிப்போன வண்டி. டிஇசட்250 பந்தய வண்டியைப் போலவே சிலிண்டர்களைத் திருப்பி வைத்தார்கள்: கார்புரேட்டர் முன்னால், புகைக்குழாய் வளையாமல் நேராக சீட்டுக்குக் கீழே பின்னோக்கி. பின்பக்க அழகுக்கு இதுதான் முதலிடம். ஆனால் 1991லேயே யமஹா அதைக் கைவிட்டு வி-ட்வினுக்கு மாறிவிட்டது.

என் தேர்வு என்எஸ்ஆர். 250 சிசிவரை ஜப்பானில் 'ஷாகென்' என்ற கட்டாய வண்டிச் சோதனை கிடையாது என்பதும் அதற்குச் சாதகம். டூ-ஸ்ட்ரோக் பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள், தினமும் ஓட்ட நினைப்பவர்கள் விஎஃப்ஆர் எடுக்கலாம். ஆனால் அதன் பின்சக்கரம் 18 அங்குலம், இன்று அதற்கு நல்ல டயர் தேடி அலைய வேண்டும். 1994இல் வந்த ஆர்விஎஃப்400இல் அது 17 ஆகிவிட்டது, வரம்பு இறுகியதால் சக்தியும் 53க்கு இறங்கிவிட்டது.