கால்சியம் மாத்திரை: கார்பனேட்டா, சிட்ரேட்டா?

கால்சியம் மாத்திரை வாங்கப் போகிறவரின் முன்னால் இருப்பவை பெரும்பாலும் வேதியியலில் உப்பு எனப்படும் இரண்டே சேர்மங்கள்: கால்சியம் கார்பனேட், கால்சியம் சிட்ரேட். டப்பாவின் முகப்பில் ‘கால்சியம்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் பெரிதாக இருக்கும். எந்த உப்பு என்பதைப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் தேட வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சலுக்காக நெடுநாளாக அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வருபவன் என்ற முறையில் நான் சிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே தொடர்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கார்பனேட்டே போதுமானவர்களும், கார்பனேட் மட்டுமே பொருந்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்திருக்க, எஞ்சிய ஒரு விழுக்காடுதான் இதயத்தைத் துடிக்க வைப்பது, தசையைச் சுருக்குவது, நரம்புச் செய்தியைக் கடத்துவது, இரத்தத்தை உறைய வைப்பது ஆகிய வேலைகளைப் பார்க்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மி.கி. வரை என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். சற்றுக் குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதனாலேயே உணவில் கால்சியம் போதுகிறது என்று முடிவுகட்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்போதும் அந்த எண் சரியாகவே காட்டும்.

உணவுக்கும் மாத்திரைக்கும் இடையில் எது என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை; உணவுதான். அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் வகுத்த அளவின்படி 19 முதல் 50 வயது வரை நாளொன்றுக்கு 1,000 மி.கி.யும், 50 வயதைக் கடந்த பெண்களுக்கும் 70ஐக் கடந்த அனைவருக்கும் 1,200 மி.கி.யும் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 மி.கி. இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு உடலில் சேர்கிறது. கீரைகளில் மட்டும் கவனம் வேண்டும். பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தும், அதே கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால், 1988இல் ஹீனி, வீவர் முதலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது அதிலிருந்து ஏறத்தாழ 5 விழுக்காடுதான் உட்கிரகிக்கப்பட்டது. பாலிலிருந்தோ 27 விழுக்காட்டுக்கும் மேல். ஆக, உணவை ஒழுங்காகக் கணக்கிட்டுப் பார்த்து, அதற்கும் மேல் விழும் துண்டை அடைக்க மட்டுமே மாத்திரை. என் கணக்கில் அந்தத் துண்டு கணிசமாகவே இருந்தது.

இனி மாத்திரைக்கு வருவோம். எடைக்கு எடை பார்த்தால் கார்பனேட் முந்துகிறது. அதன் எடையில் 40 விழுக்காடு கால்சியம். சிட்ரேட்டில் 21 விழுக்காடுதான். 500 மி.கி. கால்சியம் பெற 1,250 மி.கி. கார்பனேட் போதும், சிட்ரேட்டோ 2,400 மி.கி.க்கு அருகில் வேண்டும். எனவே சிட்ரேட் மாத்திரை பருமனாக இருக்கும், அல்லது ஒன்றுக்கு இரண்டாக விழுங்க வேண்டியிருக்கும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது சிறிய குறையன்று. விலையிலும் கார்பனேட்டே மலிவு. இந்த இரண்டு காரணங்களாலேயே பலர் அதை எடுக்கிறார்கள். டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேராத கால்சியம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

கடப்பதற்கு முன் அது கரைய வேண்டும். என் முடிவை நிர்ணயித்தது இந்த ஒரே விஷயம்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கால்சியம் கார்பனேட் என்பது வேறொன்றுமில்லை, சுண்ணாம்புக்கல். சிப்பி, பவளம், முட்டையோடு, பளிங்குக்கல் எல்லாம் வேதியியலில் இதே பொருள். சாதாரண நீரில் அது கரைவதேயில்லை என்று சொல்லிவிடலாம்: ஒரு லிட்டருக்குச் சுமார் 15 மி.கி. தான். சிட்ரேட்டோ லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். இதுவும் பெரிய கரைதிறன் அன்று, ஆயினும் கார்பனேட்டைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். கார்பனேட்டைக் கரைக்க அமிலம் வேண்டும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிவிட்ட மழைநீர்தான் சுண்ணாம்பு மலைகளைக் குடைந்து குகைகளாக்கியிருக்கிறது. அதே வேலையை இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை வினிகரை ஊற்றி மேல்பூச்சில்லாத கார்பனேட் மாத்திரையைப் போட்டால், அதன் விளிம்புகளில் ஊசிமுனைக் குமிழ்கள் திரண்டு வரிசையாக மேலெழுகின்றன. மாத்திரை சற்று நேரத்தில் ஓரம் உதிர்ந்து, நீர் வெண்மையாகக் கலங்குகிறது. அவ்வப்போது கலக்கிவிட்டும் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி உடையாத மாத்திரை வயிற்றிலும் உடையாமல் போகக்கூடும் என்பது மருந்தாளுநர்கள் சொல்லும் எளிய சோதனை. அதே மாத்திரையை வெறும் நீரில் போட்டுப் பாருங்கள்: தயாரிப்பு நன்றாக இருந்தால் அதுவும் உடைந்து மாவாகும், ஆனால் அந்த மாவு கரையாமல் கிண்ணத்தின் அடியில் படிந்து கிடக்கும். குமிழ் ஒன்றுகூட எழாது. அமிலச் சுரப்பை அடக்கிவிட்ட வயிறு இந்த இரண்டாவது கிண்ணத்துக்கு அருகில்தான் இருக்கிறது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. இரைப்பையில் அமிலமே சுரக்காதவர்களை வைத்து ராபர்ட் ரெக்கர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் வயிற்றில் கொடுத்த கார்பனேட்டிலிருந்து சுமார் 4 விழுக்காடு கால்சியமே உட்கிரகிக்கப்பட்டது. சிட்ரேட்டிலிருந்து 45 விழுக்காடு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையை ஒரு வாரம் எடுத்துக்கொண்ட 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம், வெறும் வயிற்றில் கொடுத்த கார்பனேட்டின் உட்கிரகிப்பு 9 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடாக இறங்கியதை 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு பதிவு செய்தது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுக்கான வாய்ப்பு கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்ததையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், என்னைப் போன்றவர்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இருக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான ‘ஆனால்’ உண்டு. சிட்ரேட் விற்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். ரெக்கரின் அதே ஆய்வில், அமிலமே சுரக்காதவர்களுக்குக்கூட, காலை உணவோடு கொடுத்தபோது கார்பனேட் இயல்பான அளவில் உட்கிரகிக்கப்பட்டது. அமிலம் சரியாகச் சுரப்பவர்கள் உணவோடு எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று ஹீனி 1999இல் எழுதினார். அதே ஆண்டில், பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த வேறொரு குழு, சிட்ரேட் 20 விழுக்காட்டுக்கு மேல் நன்றாகச் சேர்கிறது என்றது. இந்தக் கருத்து மோதலில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வயிற்றில் கோளாறு ஏதுமில்லாதவர், முழுச் சாப்பாட்டோடு தவறாமல் மாத்திரை எடுப்பவர் என்றால் கார்பனேட்டுக்காக வருந்த வேண்டியதில்லை.

அந்தத் ‘தவறாமல்’ என்பதில்தான் சிக்கல். கால்சியத்தை ஒரே வேளையில் அள்ளிக் கொடுத்தால் குடல் ஏற்பதில்லை. வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பதால், அதிகம் தேவைப்படுபவர்கள் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கார்பனேட் என்றால் அந்த ஒவ்வொரு வேளையும் ஒரு சாப்பாட்டோடு கட்டுண்டிருக்கிறது. அதே சாப்பாட்டு நேரத்தைத்தான் மற்ற மருந்துகளும் பிடித்துக்கொள்கின்றன. இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து எடுத்தால் இரும்பு சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளையும் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும். வயதானவர்களின் மாத்திரைப் பெட்டியில் இத்தனைக்கும் இடம் ஒதுக்கிப் பார்த்தவர்களுக்கு, உணவோடும் எடுக்கலாம், இல்லாமலும் எடுக்கலாம் என்ற சிட்ரேட்டின் சலுகை எத்தனை பெரிதென்று தெரியும். நான் ஒரு வேளையை மாலையிலும் மற்றொன்றைப் படுக்கப் போகுமுன்பும் எடுக்கிறேன். இரண்டும் சாப்பாட்டு நேரங்கள் அல்ல. கார்பனேட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வழக்கத்தை நான் அமைத்திருக்க முடியாது.

வயிற்று உபாதையிலும் சிட்ரேட் பக்கமே சாய்கிறேன், ஆனால் இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. கார்பனேட்டால் மலச்சிக்கலும் உப்புசமும் வருவதாகப் பலர் குறைபடுவார்கள். உப்புசத்துக்கு எளிய கணக்கே இருக்கிறது: 500 மி.கி. கால்சியம் தரும் கார்பனேட் முழுதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ 300 மி.லி. கரியமில வாயு வெளிப்படும். வினிகர்க் கிண்ணத்தில் பார்த்த குமிழ்கள்தான் அவை.

சிறுநீரகக் கல் எனக்கு வந்ததில்லை; அதனால் இந்தப் பகுதியில் என் அனுபவம் என்று எதுவும் இல்லை, ஆய்வுகளை வைத்தே பேசுகிறேன். உணவிலிருந்து வரும் கால்சியம் கல்லை உண்டாக்கும் என்ற பரவலான பயம் பெரும்பாலும் வீண். 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் மிகுதியாக எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. குடலிலேயே ஆக்சலேட்டை அது கட்டி வெளியேற்றிவிடுவது காரணமாக இருக்கலாம். மாத்திரையின் கதை வேறு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்து 2006இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியத்தைக் கார்பனேட்டாகவும் அதனுடன் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடியது. சிறுநீரில் சேரும் சிட்ரேட் கால்சியத்தோடு பிணைந்து படிகம் வளர்வதைத் தடுக்கும் என்பதால், கல் வரலாறு உள்ளவர்களுக்கு மாத்திரை தவிர்க்கவே முடியாது என்ற நிலையில் சிட்ரேட்டைப் பரிந்துரைப்பது வழக்கம். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பெரும்பாலும் சிட்ரேட்தான்.

‘பவளக் கால்சியம்’, ‘சிப்பிக் கால்சியம்’ என்று இயற்கையின் பெயரால் விற்கப்படுபவற்றைத் தனி வகையாக எண்ண வேண்டாம். அவையும் அடிப்படையில் கார்பனேட்தான். சிப்பியிலும் எலும்புத்தூளிலும் ஈயம் கலந்திருக்கும் சிக்கல் முன்பே வெளிப்பட்டிருப்பதால், தூய்மை சோதிக்கப்பட்டதா என்று கூடுதலாகப் பார்க்கவும் வேண்டும்.

கார்பனேட்டுக்கு என்றே உரிய ஓர் இடம் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. அந்த நோயில் இரத்தத்தில் பாஸ்பேட் தேங்கும். சாப்பாட்டோடு கொடுக்கப்படும் கார்பனேட், உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. அதாவது அங்கே அது கால்சியச் சத்துக்காக அன்று, பாஸ்பேட்டைக் கட்டும் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. சிட்ரேட்டோ குடலில் அலுமினியம் உட்கிரகிக்கப்படுவதைக் கூட்டிவிடும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. அலுமினியம் கலந்த அமிலமுறிவு மருந்தையும் சேர்த்து எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே நான் இதுவரை சிட்ரேட்டுக்காகச் சொன்ன எதையும் சிறுநீரக நோயாளிகள் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் எந்த உப்பை, எவ்வளவு, எப்போது எடுப்பது என்பதை அவர்களுடைய சிறுநீரக மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.