மூன்று மேசை, மூன்று க்யூ: 12 வருடம் ஆடிய பிறகு

பூல் ஆடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, என் ஸ்னூக்கர் க்யூவின் பித்தளைப் பூண் ஆடத் தொடங்கிவிட்டது. பூல், ஸ்னூக்கர் இரண்டுமே மேசைமேல் பந்தைக் குச்சியால் அடித்து ஓரப் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டங்கள், அந்தக் குச்சிதான் க்யூ. 15 பந்துகளை ஓங்கி உடைக்கும் பிரேக் ஷாட்டில் வழக்கமான 'டக்' சத்தத்துக்குப் பதிலாக ஏதோ பிளந்தது போல ஒரு சத்தம். நுனியைப் பிடித்துத் திருகினால் பூண் லேசாகச் சுற்றுகிறது. உலக்கைப் பூண் மாதிரிதான் அதன் வேலையும், மரம் பிளக்காமல் காப்பது. ஆனால் ஸ்னூக்கர் க்யூவில் அது மிகச் சன்னமான ஒரு பித்தளை வளையம். கழற்றிப் பார்த்தபோது உள்ளே மரத்தில் மயிரிழை அளவு ஒரு விரிசல் ஓடியிருந்தது. க்யூ நல்ல க்யூ. அதைக் கொண்டுபோய் நான் செய்த வேலைதான் அதற்கு ஒத்துவராதது.

அந்த க்யூவை 2013இல் சென்னையில் வாங்கினேன். ஆஷ் மரம், 57 அங்குலம், 18 அவுன்ஸ், நுனி 9.5 மில்லிமீட்டர். 4,500 ரூபாய் ஆனது. அதுவரை கிளப் சுவரில் மாட்டியிருக்கும் குச்சிகளில் ஒன்றை எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒன்று வந்த பிறகு எல்லா மேசைக்கும் அதையே தூக்கிக்கொண்டு போனேன், ஏனென்றால் "கை பழகிய குச்சிதான் நல்ல குச்சி" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான் என்று புரியப் பல வருடம் ஆனது.

எங்கள் கிளப்பில் மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் பூணைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, பந்தைக் கையில எடுத்துப் பாருங்க, அப்புறம் குச்சியப் பாருங்க." ஒரு கையில் ஸ்னூக்கர் பந்து, மறுகையில் பூல் பந்து. அன்றுதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர் குறுக்களவு, எடை சுமார் 140 கிராம். பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம் வரை. குறுக்களவில் ஐந்து மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை, கையில் வைத்தால் அது வேறு பொருள். க்யூவின் நுனி, மரம், எடை, பூண் எல்லாமே அந்தப் பந்துக்காக அமைந்தவை.

முதலில் ஸ்னூக்கர். மேசை 12 அடிக்கு 6 அடி, பாக்கெட் வாய் சுமார் மூன்றரை அங்குலம், அதன் ஓரங்கள் வேறு உருண்டையாக வளைந்திருக்கும், கொஞ்சம் பிசகினாலும் பந்தை வெளியே தள்ளிவிடும். இந்த ஆட்டத்தில் தேவை வலு இல்லை, துல்லியம். க்யூவால் நேராக அடிக்கும் ஒயிட் பந்தின் நடுவை அடிக்க நினைத்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடித்தால், நாம் கேட்காத சைடு ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி) ஏறிவிடும். மேசையின் மறுகோடிக்குப் போவதற்குள் அந்தப் பிழை பெரிதாகிவிடும். அதனால்தான் நுனி ஒன்பது, ஒன்பதரை, அதிகம் போனால் பத்து மில்லிமீட்டர். சிறிய பந்தில் சிறிய நுனி எங்கே தொடுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆஷ் மரத்தின் அருமை அதன் ரேகை. க்யூவைத் தலைகீழாகப் பிடித்து நுனிப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால், மரத்தின் மேல் அம்புமுனை போல ரேகைகள் வரிசையாக ஓடும். அந்த அம்புகள் எப்போதும் மேலே தெரியும்படி பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுவார்கள். அடிமட்டையின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள், கை அதைத் தடவியதும் சரியாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். மரம் ஒவ்வொரு பக்கமும் ஒரே மாதிரி வளைவதில்லை, அதனால் ஒரே பக்கத்தை மேலே வைத்து அடித்தால் எல்லா அடியிலும் ஒரே உணர்வு கிடைக்கும். இது வெறும் நம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரிகிறது. தாடையைக் குச்சியில் ஒட்டி வைத்துக் குனியும் ஆட்டத்தில் அந்த ரேகை பார்வைக்கும் ஒரு கோடு போட்டுத் தருகிறது. இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களுக்கும் இதே மேசை, இதே க்யூதான், தனியாக ஒன்றும் வேண்டாம். நம் நாட்டு வீரர் பங்கஜ் அத்வானி இரண்டு ஆட்டத்திலும் உலகப் பட்டம் வென்றவர்.

2017இல் ஒரு பூல் க்யூ வாங்கினேன். மேப்பிள் மரம், 58 அங்குலம், 19 அவுன்ஸ், நுனி 13 மில்லிமீட்டர், நடுவில் இரண்டாகப் பிரியும் வகை. 11,000 ரூபாய். முதல் வாரம் கையில் உலக்கையைப் பிடித்தது போல இருந்தது. பிறகு பூல் மேசையில் ஒரு ஸ்க்ரூ பேக் அடித்தேன், ஒயிட் பந்து போய்த் தொட்டுவிட்டு அப்படியே பின்னால் வந்தது, நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பழைய குச்சியில் அதே ஷாட்டுக்குத் தோளைக் கொடுத்து அடிக்க வேண்டியிருந்தது, அடித்த பிறகு மணிக்கட்டில் ஒரு அதிர்வு நிற்கும். கனமான பந்தை மெல்லிய ஆஷ் குச்சியால் தள்ளும்போது குச்சிதான் நெளிகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப்பும் நாலே வாரத்தில் காளான் மாதிரி பிதுங்கிவிடும். மேப்பிள் நெருக்கமான மரம், அகலமான நுனியில் டிப் பரவி உட்காருகிறது, பூணும் பித்தளை இல்லாமல் நீளமான வெள்ளை ஃபைபர், பெரிய அடியைத் தாங்கும்.

சரி, அப்படியானால் பூல் க்யூவை ஸ்னூக்கருக்குக் கொண்டு போனால் என்ன? அதையும் இரண்டு மாதம் செய்து பார்த்தேன். செய்யாதீர்கள். 13 மில்லிமீட்டர் நுனி ஒயிட் பந்தின் கால்வாசியை மறைத்துவிடுகிறது, நடுவில்தான் அடிக்கிறேனா என்றே தெரியாது. ஒயிட் பந்து மேசையின் ரப்பர் ஓரமான குஷனை ஒட்டி நின்றால் மேல்பக்கம் கொஞ்சம்தான் அடிக்கக் கிடைக்கும், அந்த இடத்துக்குள் இந்த நுனி அடங்குவதில்லை. இன்னொரு விஷயம், சைடு வைத்து அடிக்கும்போது பந்து நாம் குறி வைத்த கோட்டிலிருந்து சற்று விலகிப் போகும். அந்த விலகலைத் தீர்மானிப்பது முக்கியமாகக் குச்சி முனையின் எடை, அதுவும் பந்தின் எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது. தடித்த முனை, லேசான பந்து, விலகல் கூடும். எனக்கு நன்றாகப் பழகிய நீளமான சைடு ஷாட்கள் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் கை நழுவின, திரும்பப் பிடிக்க அதைவிட அதிக நாள் ஆனது.

நடுத்தரமாக பதினொன்று, பதினொன்றரை மில்லிமீட்டர் நுனியில் ஒன்று வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்னூக்கர் மாதிரியான உருண்டை வாய்ப் பாக்கெட்டில் பூல் பந்தைப் போடும் சீன எட்டுப் பந்து ஆட்டத்துக்கு அந்த அளவு மிகச் சரி, அதற்காகவே செய்கிறார்கள். மற்றபடி ஸ்னூக்கருக்கும் பூலுக்கும் சேர்த்து என்று எடுத்தால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் இருக்கும். இந்தக் கருத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

மூன்றாவது க்யூ வந்த கதை வேறு. 2018 கடைசியில் வேலைக்காக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் பதினான்கு மாதம் இருந்தேன். அங்கே 'பிடா' என்று பெயர்ப் பலகை போட்ட ஆட்டக் கூடங்களில் பாக்கெட்டே இல்லாத மேசைகள், மூன்றே பந்துகள். கேரம் என்றதும் நம் வீட்டுக் காய் சுண்டும் பலகையை நினைக்க வேண்டாம், இது கேரம் பில்லியர்ட்ஸ். நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மூன்று குஷன் ஆட்டம்: நாம் அடிக்கும் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொட வேண்டும், இரண்டாவதைத் தொடுவதற்குள் குறைந்தது மூன்று முறை குஷனில் பட்டிருக்க வேண்டும். பந்து 61.5 மில்லிமீட்டர், எடை 205 கிராமுக்கு மேல். மேசையின் கல்லைச் சூடேற்றி வைப்பதால் துணி ஈரம் இல்லாமல் இருக்கும், பந்து ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டத்தில் உலகக் கோப்பைகள் வென்ற டிரான் க்வெட் சியனின் நாடு அது, அறுபது வயதுப் பெரியவர்கள் மாலையில் வந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முதல் நாள் கூடத்து க்யூவைக் கையில் கொடுத்தார்கள், குட்டையாக இருந்தது. கேரம் க்யூ சுமார் 140 சென்டிமீட்டர், அதாவது 55 அங்குலம்தான். நுனி 12 மில்லிமீட்டர், ஆனால் அங்கிருந்து அடிப்பக்கம் நோக்கிக் கூம்பு போல ஒரே சீராகத் தடித்துக்கொண்டே போகிறது. பூல் க்யூவில் நுனியிலிருந்து ஒரு அடிக்கு மேல் ஒரே தடிமன் இருக்கும், குச்சியைத் தாங்க முன்கை விரலால் போடும் வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே ஒவ்வொரு இழுப்பிலும் விரல் வளையம் விரிந்து சுருங்க வேண்டும், பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. இந்தக் கூம்பால் குச்சி விறைப்பாக நிற்கிறது, 200 கிராம் பந்தை ஓரத்தில் அடித்தாலும் நெளியாது. பந்தே கனம் என்பதால் விலகலும் குறைவு, சைடைத் தைரியமாக வைக்கலாம். பல க்யூக்களில் இணைப்பு ஆணிகூட உலோகம் இல்லை, மரத்திலேயே மறை வெட்டியிருப்பார்கள். கைப்பிடியில் ரப்பர் உறை. ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பழைய க்யூவை ஏறக்குறைய 7,500 ரூபாய் மதிப்புக்கு வாங்கினேன். கேபினில் க்யூவை விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும். அதனால் இரண்டாகப் பிரிவது அங்கே பெரிய வசதி. முக்கால் நீளத்தில் பிரியும் என் ஸ்னூக்கர் க்யூவுக்குத் தனி நீளப் பெட்டி வேண்டும்.

வாங்கும்போது நான் பட்ட அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். பூண் விரிசலுக்குப் பிறகு இன்னொரு ஆஷ் க்யூ ஒரு கடையில் வாங்கினேன், கடைக்காரர் அதை மேசையில் உருட்டிக் காட்டினார், நேராக உருண்டது. மூன்றே மாதத்தில் நடுவில் வளைந்துவிட்டது. சரியாக உலராத மரம் என்று மார்க்கர் அண்ணன் சொன்னார். கடையில் கேட்டதற்கு நான் வெயிலில் வைத்திருப்பேன் என்றார்கள், வைக்கவில்லை. உருட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து துப்பாக்கியில் குறி பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள், மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பிறகு ரேகை: நுனியிலிருந்து கீழே வரை நேராக ஓட வேண்டும், பாதியில் பக்கவாட்டில் வழிந்து போனால் அந்த மரம் வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கம் தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆஷ் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேப்பிள் கையில் ஒட்டத் தொடங்கும். ஆடி முடித்ததும் நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடை, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு துடை, அவ்வளவுதான் என் பராமரிப்பு. ஆஷுக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை ஆளி விதை எண்ணெய் மெல்லப் பூசி, ஒரு இரவு விட்டுத் துடைத்துவிடுவேன். காரில் ஒருபோதும் விடுவதில்லை. பூல் க்யூவின் பிடியில் லினன் நூல் சுற்றியிருக்கும், வியர்வையை நன்றாக உறிஞ்சும், இரண்டு வருடத்தில் கறுத்துப்போகும். கழற்றிவிட்டுத் தோல் சுற்றிக்கொண்டேன், சென்னைக்கு எனக்கு இதுவே ஒத்துவருகிறது.

டிப் விஷயத்தில் மூன்றுக்கும் மூன்று விதம். ஸ்னூக்கருக்கு நீல நிற எல்க் மாஸ்டர்தான் இன்றும் போடுகிறேன், விலை குறைவு, மென்மையாகப் பந்தைப் பிடிக்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மார்க்கர் அண்ணன் பூணின் மேற்பரப்பை உப்புத்தாளில் தட்டையாக்கி, பசை வைத்து ஒட்டி, குச்சியைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பிதுங்கி நிற்கும் தோலை பிளேடால் சுற்றிச் சுற்றிச் சீவுவார். கடைசியில் ஓரத்தை ஈரமாக்கித் தேய்க்கும்போது நீலம் கறுத்துப் பளபளக்கும். ஐந்து நிமிட வேலை, நான் இதுவரை அவர் அளவுக்கு ஒட்டியதில்லை. பூலுக்கும் கேரமுக்கும் அடுக்குத் தோல் டிப், நடுத்தரக் கடினம், ஒரு வருடம் நிற்கிறது.

பூல் ஆடுபவர்கள் பிரேக் ஷாட்டுக்குத் தனியாக ஃபீனாலிக் (தோலுக்குப் பதில் கடினமான பிசின்) டிப் வைத்த க்யூ வாங்குகிறார்கள். போட்டி ஆடாதவருக்கு அது தேவையில்லை, சுவரில் தொங்கும் கனமான கிளப் குச்சியால் உடைத்துவிட்டு, அடுத்த ஷாட்டிலிருந்து உங்கள் க்யூவை எடுங்கள். நான் எட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன், பூண் அப்படியே இருக்கிறது. ஜம்ப் க்யூ நாற்பது அங்குலத்தில் வரும் குட்டைக் குச்சி, ஸ்னூக்கரில் ஒயிட்டை இன்னொரு பந்தின் மேல் தாண்டவைத்தாலே ஃபவுல், பூலில் மட்டும்தான் அதற்கு வேலை.

புதிதாக ஒன்று வாங்குகிறவர் என்னைக் கேட்டால், வாரத்தில் எந்த மேசையில் அதிக மணி நேரம் நிற்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதற்கு ஒன்று வாங்கி, மற்ற மேசைக்குக் கிளப் குச்சியிலேயே ஆடுங்கள். இரண்டாவது க்யூ அடுத்த வருடம் வரலாம்.

நான் போகும் கிளப்பில் கேரம் மேசை கிடையாது. அந்த க்யூ ஐந்து வருடமாக அதன் பையிலேயே இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, துடைத்து, மரத்தில் வெட்டிய அந்த மறையைத் திருகிப் பார்ப்பேன், இன்னும் இறுக்கமாகப் போய் உட்காருகிறது.