ஹெட்லைட் பல்பு சீக்கிரம் போகிறதா? பல ஆண்டு ஹாலஜன் பயன்பாட்டில் கண்டவை

ஹாலஜன் ஹெட்லைட் உள்ள காரைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சாதாரண பல்பு, கூடுதல் வெளிச்சப் பல்பு, நீண்ட ஆயுள் பல்பு என மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. பல்பு விரைவில் ப்யூஸ் போனால் மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டு, அதைவிட விலை கூடியதை மாட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். போன பல்பைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது எதனால் போனது என்பது பெரும்பாலும் கண்ணாடியிலும் இழையிலுமே தெரிந்துவிடும்.

என் காரில் முதலில் இடப்பக்க லோ பீம் (தாழ்ந்து விழும் வெளிச்சம்) பல்பு மட்டும் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்னழுத்தம் எகிறினால் இரண்டு பக்கமும் அடிவாங்கும். ஒன்று மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டரையும் கனெக்டரையும்தான் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய பல்பின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இழை மட்டும் துண்டாக அறுந்திருந்தது. அதிர்வுதான் காரணம். பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் தளர்ந்து, பல்பு அதன் இருப்பிடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கனெக்டரும் சூட்டில் பழுப்பேறியிருந்தது. கிளிப்பையும் கனெக்டரையும் மாற்றிய பிறகு இரு பக்கப் பல்புகளும் ஒரே அளவு உழைக்கின்றன.

பின்னொரு சமயம் இரண்டும் அடுத்தடுத்துப் போயின. இம்முறை கண்ணாடியின் உட்புறம் கருத்திருந்தது. ஹாலஜன் பல்பில், சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டனை (இழை செய்யப்படும் உலோகம்) உள்ளிருக்கும் வாயு மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். இழை அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சுழற்சியால் ஈடுகொடுக்க முடியாது; டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து கருக்கும். என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 15 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரைதான் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கூடவே வெளிச்சமும் கூடுவதால், ஹெட்லைட் நன்றாக எரிகிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்போமே தவிர, கோளாறு என்று தோன்றாது. பேட்டரியும் சேர்ந்தே கெடும்.

உள்ளே வெண்பொடி படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி ஓரிடத்தில் புடைத்தோ மங்கியோ இருந்தால், மாட்டும்போது பட்ட விரல் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிப் பலவீனப்படும். உலோக அடிப்பகுதியை மட்டும் பிடித்து மாட்டுவதே நல்லது. கை பட்டுவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் எரியவிடலாம்.

இனி பல்பு வகைகள். கூடுதல் வெளிச்சப் பல்பும் அதே 55 வாட்தான். இழையை மெல்லியதாக்கி, அதிகச் சூட்டில் எரியவிட்டே அந்த வெளிச்சத்தைப் பெறுகிறார்கள். ஆயுள் குறைவது அதற்குக் கொடுக்கும் விலை. எனவே அது சீக்கிரம் போவதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். நீலப் பூச்சு பல்புகளை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குகிறது, மழையில் சாலை சரியாகத் தெரிவதில்லை. 55 வாட் ஹோல்டரில் 100 வாட் பல்பை மாட்டுவது அதைவிட மோசம். கனெக்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும்.

ஆயுளை மாதக்கணக்கில் பார்ப்பதும் சரியல்ல. சாதாரண பல்புக்குச் சில நூறு மணி நேரமே கணக்கு. பகலிலும் லோ பீம் எரியும் காரில் அது வேகமாகக் கரைந்துவிடும்.

இப்போது என் காரில் இருப்பவை நீண்ட ஆயுள் பல்புகள். வெளிச்சம் சற்று மஞ்சள். நகருக்குள் ஓட்ட அதுவே போதும். விளக்கில்லாத நெடுஞ்சாலையில் இரவு முழுக்க ஓட்டுபவருக்கு நான் கூடுதல் வெளிச்சப் பல்பையே சொல்வேன். எந்த வகையானாலும் இரு பக்கப் பல்புகளையும் ஜோடியாக மாற்றுங்கள், ஓர் உதிரிப் பல்பை அதன் டப்பாவோடு காரிலேயே வைத்திருங்கள்.