விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தல்: நெடுநாள் பயனர் ஒருவரின் அனுபவம்

தன்னார்வலர்கள் உருவாக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தை முதலில் வாசகனாகவும், பின்னர் அங்குள்ள நூல்களை மூல அச்சோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும், அதாவது மெய்ப்புப் பார்க்கும் பணியைச் செய்பவனாகவும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாசிப்பதற்கு மட்டுமே வருபவருக்கு அத்தளம் பாதியில் நின்றுபோன வேலையாகத் தோன்றக்கூடும். ஒரு நூல் அங்கே எவ்வாறு உருவாகிறது என்பதைக் கூடவே இருந்து பார்ப்பவருக்குத்தான், அச்சில் இருந்த ஓர் எழுத்து இணையத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது என்பதும், அக்கைகளின் தடயம் அழியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதும் புரியும்.

பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் முயற்சி விக்கிமூலத்தில் தொடங்கியதன்று. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இலவசமாக வழங்கினார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறி (யூனிகோடு) பரவாத அந்நாளில், உரிய எழுத்துருவை நிறுவாத கணினியில் அக்கோப்புகள் புரியாத குறிகளாகவே தெரியும். ஆயினும், ஊரில் நூலகம் இல்லாதவருக்குச் சங்க இலக்கியம் கிடைத்ததே அதன் வழியாகத்தான். நான் கண்ட குறை ஒன்றுதான். அங்குத் தரப்படுவது உரை மட்டுமே என்பதால், ஒரு சொல்லில் ஐயம் எழுந்தால் மூல அச்சைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

விக்கிமூலம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. நூலின் மின்வருடல் (ஸ்கேன் செய்த படங்கள்) முழுவதும் முதலில் விக்கித் திட்டங்களின் பொதுக் கோப்புக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றப்படுகிறது. அதற்கென ஓர் அட்டவணைப் பக்கம் உருவாகிறது. பின்னர் ஒவ்வொரு பக்கமும் ஒருபுறம் படமாகவும் மறுபுறம் திருத்தத்தக்க உரையாகவும் திறக்கிறது. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்ததற்கு மஞ்சள், மற்றொருவர் மீண்டும் சரிபார்த்ததற்குப் பச்சை, படம் தெளிவில்லாதது போன்ற சிக்கல் உள்ளதற்கு ஊதா என்று நிறங்கள் அமைந்துள்ளன. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. பதிப்பகங்களில் எத்தனை கண்கள் ஒரு பக்கத்தைப் பார்த்தன என்பதை வாசகர் அறிய வாய்ப்பே இல்லை. இங்கோ யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது.

இனி, உழைப்பு எங்கே செலவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று தட்டச்சின் பெரும்பகுதியை, படத்தில் உள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் மென்பொருள்களான எழுத்துணரிகள் செய்துவிடுகின்றன. அண்மைக்கால அச்சு என்றால் அவை தரும் உரையில் திருத்துவதற்கு அதிகம் இராது. ஆனால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை, 1978-ஆம் ஆண்டின் அரசாணை வழியாக எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு அச்சானவை. யானைத் தும்பிக்கை போன்ற வளைவு வைத்த பழைய வடிவ ணை, லை, ளை, னை ஆகியவையும், துணைக்கால் தனியே நில்லாமல் எழுத்தோடு ஒட்டியிருக்கும் ணா, றா, னா ஆகியவையும் எழுத்துணரிகளைத் தடுமாற வைக்கின்றன. ‘இல்லை’ என்பது ‘இல்லே’ என்று வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். ‘அவனை’ என்பது ‘அவனே’ என்று வரும்போதுதான் தொல்லை, ஏனெனில் இரண்டும் தமிழில் உள்ள சொற்களே. எந்தப் பிழைதிருத்தியும் அதைச் சுட்டிக்காட்டாது. வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொண்டு படிக்கும் மனிதர் ஒருவரே அதைப் பிடிக்க முடியும். இத்தகைய பக்கங்களை வேகமாகப் புரட்டுவதில் பயனில்லை என்பதால், நான் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தே திருத்துகிறேன்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. ஔகாரக் குறியீட்டுக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டிவிட்டால், ‘கௌதமர்’ என்பது திரையில் ஏறத்தாழ அதே தோற்றத்துடன்தான் இருக்கும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாமலே போகக்கூடும். அச்சுக் காலத்து மெய்ப்புத் திருத்துநருக்கு இப்படியொரு கவலை இருந்ததில்லை.

திருத்தும் ஆசையை அடக்குவதும் இந்தப் பணியில் ஒரு பகுதியே. அச்சில் ஒற்று மிகாத இடத்தில் நாமாக ஒற்றிடுவதற்கோ, ஆசிரியரின் வழக்குச் சொல்லை மாற்றுவதற்கோ இங்கு இடமில்லை. படத்தில் உள்ளதுதான் உரையிலும் இருக்க வேண்டும். இலக்கணம் நன்கு அறிந்தவர்களே இதில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்பது நான் பார்த்தவரை உண்மை.

உரிமையைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் கழிந்த நூல்கள் பொதுவுரிமைக்கு வருகின்றன. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இருப்பது தமிழுக்கு வாய்த்த நற்பேறு. பாரதியாரின் படைப்புரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றதில் தொடங்கிய அவ்வழக்கம் இல்லாதிருந்தால், விக்கிமூலத்தின் அடுக்குகளில் பாதி வெறுமையாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வாறு திருத்தப்பட்ட உரை அதன்பின் எங்கெங்கோ போகிறது. செயலிகளிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், தனியார் தளங்களிலும் பதிப்பாண்டோ பதிப்பகத்தின் பெயரோ இல்லாமல் அது உலவுகிறது. அதைத் தடுக்க உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. எனினும் மூலப் படத்தோடு இருந்த தொடர்பு அறுந்த பிறகு, அந்த உரையில் எவரோ ஒருவர் செய்யும் மாற்றம் மூலப்பாடம் போலவே பரவுவதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. மேற்கோள் காட்டுவோர் விக்கிமூலத்துக்கே வந்து, உரையின் ஓரத்தில் தரப்பட்டிருக்கும் பக்க எண்ணைச் சொடுக்கினால், அந்த வரி அச்சில் எப்படி இருந்தது என்பதை உடனே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆய்வு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதியை வேறு எந்தத் தமிழ்த் தளத்திலும் நான் கண்டதில்லை.

புதிதாகச் சேர விரும்புவோர் சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் தொடங்குவது நல்லது. அகராதிகளும், அடிக்குறிப்பு நிறைந்த உரைநூல்களும் வார்ப்புரு (பக்கத்தை வடிவமைக்கும் விக்கிக் குறிமுறை) அறிவைக் கோருபவை. அவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். படமும் உரையும் அருகருகே தெரிய வேண்டும் என்பதால், கைபேசியைவிடக் கணினித் திரையே இப்பணிக்கு ஏற்றது.

வாசிக்க மட்டும் வருவோர், நூலை மின்னூலாகப் பதிவிறக்குவதற்கு முன் அதன் அட்டவணைப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு மிகுந்திருந்தால், பதிவிறங்கும் கோப்பிலும் எழுத்துணரியின் பிழைகள் அப்படியே இருக்கும். பச்சையும் மஞ்சளும் நிறைந்த நூலைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.